ஓட்டுகிறவருக்கு மட்டும்

"சார் வரலையா?"

பழைய கார் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி இதுதான். சைதாப்பேட்டையில் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறையில், "இன்னாம்மா, சார் வர்லியா? வண்டி இங்கதான் கீது, எங்க போவப் போவுது? சாரை இட்டுக்கினு வாயேன்" என்றார் ஒருவர். அவர் பேச்சில் கெட்ட எண்ணம் இல்லை. நிஜமாகவே எனக்கு வழி தவறிவிட்டது என்று நினைத்தார். தி.நகரில் ஒரு பெரிய வீட்டு வாசலில், வெள்ளை வேட்டி கட்டிய மனிதர் பானெட்டைத் திறக்கவே மாட்டேன் என்றார். "உள்ள எல்லாம் கிரீஸும்மா, புடவை வீணாயிடும். கலர் பிடிச்சிருக்கான்னு பாருங்க. மீதியை உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிக்கிறேன்."

என் வீட்டுக்காரருக்கு பானெட் எப்படித் திறக்கும் என்றே தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், வாகன விபத்து நஷ்ட ஈடு பார்க்கும் பிரிவில்தான் என் உத்தியோக காலம் முழுவதும் போனது. அடிபட்ட கார்களின் போட்டோக்கள் தினமும் என் மேஜைக்கு வரும். பிற்பாடு நானே பட்டறைகளுக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. பத்து வருஷமாக அரித்துக்கொண்டிருந்த துருவை "நேத்து லாரிக்காரன் இடிச்சிட்டான்" என்று கணக்குக் காட்டுபவர்கள் நிறையப் பேர். எது பழைய புண், எது புதுக் காயம் என்று பிரித்துச் சொல்வதுதான் என் வேலை. பெயின்டுக்கு அடியில் தகடு இருக்கிறதா, பட்டிப் பசை பூசி மூடியிருக்கிறார்களா என்று விரல் முட்டியால் தட்டினாலே சத்தத்தில் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் கைக்குட்டையில் சுற்றிய சின்னக் காந்தம். தகட்டில் ஒட்டும், பட்டியில் நழுவும்.

இத்தனை வருஷமும் நசுங்கிய கார்களையே பார்த்ததால்தானோ என்னவோ, ஓய்வு பெற்றதும் நசுங்காத ஒன்று எனக்கே எனக்கு வேண்டும் என்று தோன்றியது. அதுவும் பழைய காராக. இப்போது வருகிற கார்களில் பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். பழைய காரில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து போகலாம். எங்கள் வீட்டில் ஒரு சின்ன வெள்ளைக் கார் இருக்கிறது. அதன் சாவி என் கணவர் இடுப்பில் இருக்கும். எனக்கு லைசென்ஸ் இருந்தும் இரண்டு முறைதான் அதை ஓட்டியிருக்கிறேன். இரண்டு முறையும் அவர் பக்கத்து சீட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "பிரேக்கு, பிரேக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாவது முறை நான் கேட்கவில்லை. ஆபீஸுக்கு ஸ்கூட்டரில் போய் வந்தே வாழ்க்கை ஓடிவிட்டது.

"சார் வரலையா" கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய்தான் என் கொழுந்தனைக் கூட்டிப் போக ஆரம்பித்தேன். என் கணவரின் கடைசித் தம்பி. அடையாறில் வீடு. மனை வாங்கி விற்பது, வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பது என்று ஏதேதோ தொழில். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. யாரையும் இரண்டு நிமிஷத்தில் "அண்ணே", "அம்மா" ஆக்கிவிடுவான். நான் கூப்பிட்டபோது, "அதுக்கென்ன அண்ணி, சனிக்கிழமை சும்மாதானே இருக்கேன்" என்று உடனே கிளம்பி வந்தான்.

அவன் வந்ததும் எல்லாம் சுலபமாகிவிட்டது. அதே சைதாப்பேட்டைப் பட்டறைக்காரர் அவனுக்கு டீ சொன்னார். பானெட்டுகள் திறந்தன. சாவிகள் கைக்கு வந்தன. பேசுவது அவன், பார்ப்பது நான். கதவை அரைவாசி திறந்து நுனியைப் பிடித்துத் தூக்குவேன். ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். காலடி விரிப்பைத் தூக்கித் தரைத் தகட்டைப் பார்ப்பேன். டிக்கியில் ஸ்டெப்னி டயரை நகர்த்தி அந்தக் குழியில் விரலை விடுவேன். மெல்லிய களிமண் ஒட்டினால் அந்த வண்டி என்றோ வெள்ளத்தில் நின்றிருக்கிறது. சென்னையில் இதைப் பார்க்காமல் எந்தப் பழைய வண்டியையும் வாங்கக் கூடாது. வண்டி வேண்டாம் என்றால் கைப்பையை இடது தோளுக்கு மாற்றிக்கொள்வேன். அதைப் பார்த்ததும் அவன், "யோசிச்சுச் சொல்றோம்ணே" என்று பேச்சை முடித்துவிடுவான்.

ஒரு தடவை ராயப்பேட்டையில் ஒரு அம்பாசிடரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, விற்பவர் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். "எங்க அண்ணி. ரிட்டயர் ஆயிட்டாங்க, வீட்ல பொழுது போகல. கூட வந்திருக்காங்க" என்றான். திரும்பும் வழியில், "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி, உங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சா அந்த ஆள் உஷாராயிடுவான்" என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கொஞ்ச நாளில் அவனே விரிப்பைத் தூக்க ஆரம்பித்தான். அவனே ஸ்டெப்னிக் குழியில் விரல் விட்டுப் பார்த்தான். ஏன், எதற்கு என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டான். என் வீட்டில் யாரும் என் வேலையைப் பற்றி அதுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை. இவன் கேட்டது எனக்கு சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மயிலாப்பூர் வண்டியை நான் தனியாகத்தான் கண்டுபிடித்தேன். கச்சேரி ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் போய்க்கொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர் இறக்க ஒரு வீட்டின் கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே போர்ட்டிகோவில் வெளிர் பச்சையில் ஒரு பழைய ஹெரால்டு கார். இரண்டு கதவு வண்டி. தூசி படிந்திருந்தது, ஆனால் நான்கு சக்கரமும் காற்றோடு நின்றது. பல வருஷம் நிற்கும் வண்டிக்கு யாரோ காற்றடித்து வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த வீட்டில் அதை நேசிக்கிற ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். கூச்சப்படாமல் உள்ளே போய் மணியை அடித்தேன்.

வந்தவர் ஒரு பெண்மணி. எண்பதைத் தாண்டியவர். பிரசவம் பார்க்கும் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் காரைப் பற்றிக் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்குக் கேக்கறேள்?"

"ஓட்டத்தான்."

"நீங்களா?"

"நான்தான்."

வாக்கரை நகர்த்திக்கொண்டு படியோரம் வந்து நின்றார். "இதைக் கேட்டுண்டு நிறைய பேர் வந்தாச்சு. ஒருத்தர் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடறேங்கறார். இன்னொருத்தர் சினிமாவுக்குங்கறார். ஒருத்தராவது ஓட்டறேன்னு சொல்லலை. நான் இதை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிண்டு போன வண்டி. மழையில, வெயில்ல, எல்லாத்துலயும். ஓட்டறவாளுக்குத்தான் தருவேன்னு வச்சிருக்கேன்."

நான் அனுமதி கேட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். ஹெரால்டில் பானெட் முன்பக்கமாக மொத்தமாகச் சாயும். மட்கார்டு, விளக்கு எல்லாம் அதோடு சேர்ந்து எழும்பிப் போகும். எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்கலாம். நான் புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்ததையும், ஒரு பழைய துண்டைக் கேட்டு வாங்கி விரித்து வண்டிக்கு அடியில் தலையை விட்டதையும் டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தபோது கேட்டார்: "என்ன, என் பேஷன்ட் எப்படி இருக்கா?"

நான் உள்ளதைச் சொன்னேன். தரைத் தகட்டில் துரு இல்லை. கதவில் தொங்கல் இல்லை. வெள்ளத்தில் நிற்காத வண்டி. அடிபட்டு நிமிர்த்திய இடம் எதுவும் இல்லை. எஞ்சின் நம்பர் மாறவில்லை. ரப்பர் எல்லாம் காய்ந்துவிட்டது. பிரேக் பைப்புகளை மாற்றியே ஆக வேண்டும். "உங்களுக்குத் தெரியாம இருக்கலாம், சந்தையில இதுக்கு நல்ல விலை இருக்கு" என்றும் சொன்னேன்.

"தெரியும். எனக்கு அந்த விலை வேண்டாம். ஓட்டறேன்னு சொல்லுங்கோ, போதும்" என்றார். அவர் சொன்ன தொகை ஒரு புது ஸ்கூட்டருக்குக் கூடப் போதாது.

அடுத்த வாரம் ஒரு மெக்கானிக்கையும் புது பேட்டரியையும் கொண்டு போனேன். பேட்டரி கனம், தூக்க ஆள் வேண்டும் என்று கொழுந்தனையும் அழைத்துப் போனேன். மெக்கானிக் பிரேக்கைச் சரி செய்து, கார்புரேட்டரைக் கழுவி மாட்டியதும் நாலைந்து இருமல் இருமி எஞ்சின் பிடித்துக்கொண்டது. நீலப் புகை இல்லை. ஸ்டியரிங் வளையத்தில் ஒரு இடம் விண்டிருந்தது. அங்கே டாக்டர் ஆஸ்பத்திரி பிளாஸ்டரைச் சுற்றி வைத்திருந்தார். அது வருஷக்கணக்காக உள்ளங்கை பட்டுப் பழுப்பேறிக் கிடந்தது.

"ஏறுங்கோ" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். வாக்கரை மடித்துப் பின்னால் போட்டுவிட்டு அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொழுந்தன் பின்சீட்டில் வாக்கரோடு ஒடுங்கி உட்கார்ந்தான். லஸ் வரைக்கும் போய்த் திரும்பினோம். "கிளட்ச்சை மெதுவா விடுங்கோ. அவ்வளவுதான். கை நன்னாப் பழகியிருக்கே" என்றார். ஒரே ஒரு தடவைதான் பேசினார். மற்ற நேரம் எல்லாம் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி வந்தார். அவர் கை கைப்பிடியைத் தேடவேயில்லை. நான் ஓட்டும்போது பக்கத்தில் ஒருவர் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தது அதுவே முதல் தடவை.

அன்றைக்கே வண்டியை எடுத்து வந்திருக்கலாம். எங்கே நிறுத்துவது? மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்ககத்தில் வீட்டுக்கு ஒரு இடம்தான். அதில் வெள்ளைக் கார் நிற்கிறது. "இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை? தெருவுல நிறுத்தினா ஒரே ராத்திரியில கண்ணாடியைக் கழட்டிட்டுப் போயிடுவான்" என்றார் என் கணவர். சைதாப்பேட்டையில் என் பழைய ஆபீஸ் தோழியின் வீட்டில் ஒரு காலி ஷெட் இருந்தது. அதைச் சுத்தம் செய்து தருவதாகச் சொன்னாள். அதற்குள் பெங்களூரில் இருக்கும் என் மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கிவிட்டது. இரண்டு மாதமாவது போய் இருக்க வேண்டும். டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"போயிட்டு வாங்கோ. குழந்தைதான் முக்கியம். கார் எங்கேயும் போகாது. உங்களைத் தவிர யாருக்கும் இல்லை" என்றார். மகளின் ரிப்போர்ட்டுகளை போனில் காட்டச் சொல்லிப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தைரியம் சொன்னார். அன்றும் கொழுந்தன் என்னோடுதான் இருந்தான். அவன்தான் என்னை வண்டியில் கொண்டுபோய் விட்டிருந்தான்.

பேரன் பிறந்த செய்தியைச் சொல்ல டாக்டருக்கு போன் செய்தேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கத்தித்தான் பேச வேண்டும். "சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்" என்றவர் கடைசியில், "ஜாக்கிரதையா ஓட்டுங்கோ" என்றார். ஊருக்குத் திரும்பி வண்டியை எடுத்த பிறகு ஓட்டுவதைப் பற்றிச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். "கண்டிப்பா டாக்டர்" என்று கத்தினேன்.

அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை சும்மா இல்லாமல், பழைய கார் விற்பனை விளம்பரங்களை போனில் தள்ளிக்கொண்டிருந்தேன். என்னுடைய கார் முடிவாகிவிட்டாலும் பழக்கம் போகவில்லை. வெளிர் பச்சையில் ஒரு ஹெரால்டு வந்தது. நன்றாக மெருகு ஏற்றி, அடையாறு பக்கம் ஏதோ ஒரு மரத்தடியில் நிறுத்தி எடுத்த படம். நம்பர் பிளேட்டை மறைத்திருந்தார்கள். இன்னொன்றும் இருக்கிறதா இந்த ஊரில் என்று ஆசையாகத்தான் அடுத்த படத்துக்குப் போனேன். அதில் ஸ்டியரிங். வளையத்தில் பழுப்பேறிய பிளாஸ்டர்.

கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஒரே உரிமையாளர், பெண் டாக்டர். தரைத் தகட்டில் துரு இல்லை. கதவில் தொங்கல் இல்லை. வெள்ளத்தில் நிற்காத வண்டி. அடிபட்டு நிமிர்த்திய இடம் இல்லை. எஞ்சின் நம்பர் மாறவில்லை. நான் டாக்டரிடம் சொன்னதுதான். பேட்டரி கொண்டு போன அன்று கொழுந்தனுக்கும் அதே வரிசையில்தான் சொல்லிக் காட்டியிருந்தேன். ரப்பரைப் பற்றி மட்டும் எழுதவில்லை. விலை, டாக்டர் என்னிடம் கேட்டதைப்போலப் பல மடங்கு.

குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்க் கொழுந்தனுக்கு போன் செய்தேன்.

"அண்ணி! நானே உங்களுக்குச் சொல்லணும்னு இருந்தேன்" என்றான். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. "உங்களுக்கு எங்க பார்க்கிங் இருக்கு? அந்தம்மாவுக்கும் வயசாயிடுச்சு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா அக்கா பிள்ளை, தங்கச்சி பிள்ளைன்னு வந்து நிப்பாங்க. அப்புறம் வண்டி யாருக்கும் இல்லாம போயிடும். அதான் எடுத்து வச்சேன்."

"என்ன விலைக்குக் கொடுத்தாங்க?"

"நீங்க பேசி வச்ச விலைதானே அண்ணி."

"எனக்குன்னு சொல்லித்தானே அந்த விலை?"

"நீங்க பெங்களூர்ல இருக்கீங்க, நீங்கதான் அனுப்பினீங்கன்னு சொன்னேன். அதுல என்ன தப்பு? குடும்பம்தானே?"

"நான் பணம் தரேன். நீங்க கொடுத்ததுக்கு மேலயே தரேன் தம்பி. வண்டியை விக்காதீங்க."

"ஐயோ, பார்ட்டி அட்வான்ஸே கொடுத்துட்டாங்க அண்ணி. முன்னாடியே சொல்லியிருந்தா பார்த்திருக்கலாம்" என்றான். பிறகு, "அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சேன்" என்றான்.

அதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. என் கணவருக்கு போன் செய்தேன். அவர் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார். "ஆமா, சொன்னான். உனக்கு ஓட்ட வராத வண்டி, நிறுத்த இடமில்லாத வண்டி. அவனுக்கு ஏதோ நாலு காசு வரட்டும்னு விட்டேன். இப்ப என்ன, வெளியாளா எடுத்துட்டுப் போனான்?" என்றார். எனக்கு ஓட்ட வரும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இந்த மனிதரிடம் அதை எப்படி நிரூபிப்பது என்று தெரியவில்லை. குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

சென்னைக்கு வந்த மறுநாளே மயிலாப்பூர் போனேன். போர்ட்டிகோ காலியாக இருந்தது. தரையில் எண்ணெய் சொட்டிய கறை மட்டும். டாக்டர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, என் தோளுக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்த்தார்.

"வண்டி எங்கே? இங்கே நிறுத்த இடம் இல்லையா? உள்ளேயே விட்டிருக்கலாமே."

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காது கேட்காது என்பதால் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வரியை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. "விக்கறான் டாக்டர். அவனோட பேர்ல எழுதி வாங்கி விக்கறான். நான் அனுப்பலை." அடுத்த வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"அப்போ நீங்க ஓட்டவே இல்லையா?" என்றார் டாக்டர்.

"இல்லை."

வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. "காகிதத்தை எல்லாம் அவர்தான் கொண்டு வந்தார். யார் பேர்னு நான் படிச்சுக்கூடப் பாக்கலை. அம்மா அம்மான்னார். நீங்க அனுப்பினேள்னு நினைச்சுண்டு, காபி போட்டுக் கொடுத்தேன்." பிறகு கேட்டார்: "முதல் தடவை தனியாத்தானே வந்தேள்? நன்னாத்தானே பேசினோம்? அப்புறம் எதுக்கு அவரைக் கூட்டிண்டு வந்தேள்?"

பேட்டரி தூக்க என்று சொல்லியிருக்கலாம். மெக்கானிக் தூக்கியிருப்பார். எத்தனையோ வாசல்களில் "சார் வரலையா" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்காத வாசல் இது ஒன்றுதான். அங்கேயும் நான் ஒரு ஆணைக் கையோடு கூட்டிப் போனேன். டாக்டர் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோபமாக அறையவில்லை, சாதாரணமாகத்தான் சாத்தினார். அடுத்த மாதம் ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு போனேன். வேலைக்காரப் பெண் வந்து, "அம்மா தூங்கறாங்க" என்றாள். உள்ளே ரேடியோ சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

வண்டியை ஒரு காபிக் கடைக்காரர் வாங்கியிருந்தார். ஆழ்வார்பேட்டைப் பக்கம் புதிதாகத் திறந்த கடை. என் மகள் சென்னை வந்தபோது, அவளுக்கு இதெல்லாம் தெரியாது, தற்செயலாக அங்கேதான் அழைத்துப் போனாள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வண்டி நின்றது. எஞ்சினையும் கியர் பெட்டியையும் எடுத்துவிட்டு, பானெட்டை முன்னால் சாய்த்து வைத்து, அந்தக் குழியில் கேக்குகளை அடுக்கி விளக்குப் போட்டிருந்தார்கள். ஸ்டியரிங்குக்குப் புதிதாக வெள்ளைத் தோல் உறை. பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பக்கத்தில் போய்க் கதவைத் திறந்து, நுனியைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்த்தேன். நூறு பேர் ஏறி இறங்கியதில் கீல் ஆட்டம் கண்டிருந்தது. "மேடம், ப்ளீஸ், ஒரு தடவைக்கு ஒரு ஃபேமிலிதான்" என்று கடைப் பெண் வரிசையைக் காட்டினாள். மகள் வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

கொழுந்தன் இதைத் தொழிலாகவே ஆக்கிக்கொண்டுவிட்டான். தீபாவளிக்கு அவன் மனைவியோடு வந்தான். நான் பலகாரம் கொடுத்தேன், காபி கொடுத்தேன். "எல்லாம் அண்ணி கத்துக் கொடுத்தது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். என் கணவர் பெருமையாகச் சிரித்தார். பொங்கல் தாண்டியதும் எனக்கு ஏழெட்டு போட்டோ அனுப்பினான். திருவான்மியூரில் ஒரு அம்பாசிடர், கறுப்பு நிறம். "பார்ட்டி அவசரப்படுறாங்க. நல்லாருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி."

இரண்டாவது போட்டோவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பின்கதவுக்குக் கீழே வெயில் விழுந்த இடத்தில் பளபளப்பு அலை அலையாக நெளிந்தது. ஒரு கை அகலத்துக்குப் பட்டி. கடற்கரை உப்புக் காற்றில் அரித்த தகட்டின்மேல் பூசி மூடியிருக்கிறார்கள். ஆறாவது போட்டோவில், டிக்கிக்குள், புதிதாகத் தார் அடித்த தரை. நல்ல தகட்டுக்கு யாரும் தார் அடிக்க மாட்டார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கினேன். இரண்டு தடவை மணி அடித்தது. எடுக்கவில்லை.

அவன் வாங்கிவிட்டான். முதல் மழையில் பின்சீட்டில் உட்கார்ந்து கால் வைத்தவரின் செருப்பு ரோட்டில் பட்டதாம். பட்டறையில் பிரித்தபோது சட்டமே கைகளில் உதிர்ந்ததாம். விற்க முடியாமல் அவன் வீட்டு வாசலிலேயே நிற்கிறது.

எனக்கு சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது என் கணவர்தான் அதைப் பேசினார். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போட்டோ அனுப்பினானாமே. இத்தனை வருஷம் இதே வேலைதானே பார்த்தே? உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், எனக்கு ஒன்று தெரியும் என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான். ரசத்தை அவர் தட்டில் ஊற்றினேன்.